மாதாவின் ஒளிவட்டத்தில் அரபு எழுத்து: இஸ்லாமிய நாகரிகமும் மேற்கத்தியக் கலையும் பற்றிய கேள்வி பதில்

ஐரோப்பியக் கலை வரலாறு என்றதும் கிரேக்கம், ரோம், அப்புறம் நேராக மறுமலர்ச்சிக் காலம் என்று தாவிவிடும் பாடப்புத்தகங்களைப் படித்துத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். நடுவில் கிடக்கும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளில், மத்தியதரைக் கடலின் தென்கரையிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தவை ஏராளம். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முடிந்தவரை இன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருட்களையும் கட்டடங்களையும் வைத்தே பேசுகிறேன். இந்த விஷயத்தில் அவைதான் நம்பகமான சாட்சிகள் என்பது என் உறுதியான எண்ணம்.

இஸ்லாமிய நாகரிகம் என்றால் முஸ்லிம்கள் மட்டும்தானா?

இல்லை. முஸ்லிம் ஆட்சிகளின் கீழ், அந்தப் பண்பாட்டுச் சூழலில் வாழ்ந்து வேலை செய்த எல்லோரும் அதில் சேர்த்திதான். பாக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். கோர்தோபாவில் பிறந்து, தன் தத்துவ நூலை அரபு மொழியில் எழுதிய மைமோனிடிஸ் யூதர். இன்று உலகெங்கும் டிரம்ஸ் வாசிப்பவர்கள் தேடி வாங்கும் ஸில்ஜியான் தாளத்தட்டுகளின் கதை 1623இல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியரின் பட்டறையில் தொடங்கியது. எல்லாப் பெருமையையும் அரேபியர் கணக்கில் எழுதுவதும் தவறு. பாரசீகர், துருக்கியர், வட ஆப்பிரிக்காவின் பெர்பர்கள் என்று பெரிய கூட்டமே இதன் பின்னால் இருக்கிறது.

இதெல்லாம் சிலுவைப் போர்கள் வழியாகத்தானே ஐரோப்பாவுக்குப் போனது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சிலுவைப் போர்களின் பங்கு அவ்வளவு பெரிதல்ல. ஸ்பெயினும் சிசிலியும் வணிகமும்தான் பெரிய வாசல்கள். ஸ்பெயினில் 711 முதல் 1492 வரை ஏதாவது ஒரு பகுதியில் முஸ்லிம் ஆட்சி இருந்துகொண்டே இருந்தது. சிசிலியில் 827இல் படையெடுப்பு தொடங்கி, 1072இல் பலெர்மோ நகரம் நார்மன்கள் கைக்குப் போகும் வரை அரபு வாழ்க்கை வேரூன்றியது. அமால்ஃபி, பிசா, ஜெனோவா, வெனிஸ் ஆகிய நகரங்களின் வணிகர்கள் போர் நடந்த காலத்திலும் நடக்காத காலத்திலும் அலெக்சாந்திரியாவுக்கும் சிரியக் கரைக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். பட்டு, கண்ணாடி, பித்தளைச் சாமான், மண்பாண்டம், கம்பளம் என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய சரக்கு, எந்தப் போர்வீரனும் கொண்டுவந்ததைவிட அதிகம். பிற்காலத்தில் ஒட்டோமான் பேரரசு அண்டை நாடாகவே ஆகிவிட்டது.

ஒரே ஓர் இடத்தைப் பார்த்து இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

பலெர்மோ. யோசிக்காமல் சொல்வேன்.

நார்மன்கள் என்பவர்கள் வட பிரான்சிலிருந்து வந்த கிறிஸ்தவப் போர்வீரர்கள். சிசிலியைப் பிடித்ததும் அங்கிருந்ததை இடித்துத் தள்ளவில்லை. அங்கிருந்த அரபுக் கைவினைஞர்களையும் கணக்கர்களையும் அறிஞர்களையும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். 1130இல் முடிசூடிய இரண்டாம் ரோஜர் தன் அரண்மனைக்குள் ஒரு சிற்றாலயம் கட்டினார். தரைத்திட்டம் லத்தீன் மரபு. சுவரில் பைசாந்தியக் கலைஞர்களின் பொன் மொசைக். அண்ணாந்து பார்த்தால் மரத்தாலான முகர்னாஸ் கூரை. சின்னச் சின்னக் குழிமாடங்களை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டதுபோல் அமைக்கும் இந்த வேலை இஸ்லாமியக் கட்டடங்களுக்கே உரியது. அந்தக் கூரை முழுக்க ஓவியங்கள்: கிண்ணம் ஏந்திக் குடிப்பவர்கள், இசைக்கலைஞர்கள், நடனப் பெண்கள், சதுரங்கம் ஆடுபவர்கள். ஓரங்களில் கூஃபி என்ற கோணமான பழைய அரபு எழுத்தில் மன்னருக்கு வாழ்த்து. கீழே பூசை நடக்கிறது, மேலே ஓர் அரபு அரசவையின் கொண்டாட்டம் நடக்கிறது. இரண்டையும் ஒரே மன்னர் விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அவருடைய மேலங்கியும் தப்பிப் பிழைத்திருக்கிறது. சிவப்புப் பட்டில் பொன்னிழை வேலை. நடுவில் ஒரு பேரீச்ச மரம், இரு பக்கமும் ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம், விளிம்பு முழுக்க அரபு வாசகம். தலைநகரிலிருந்த அரச பட்டறையில் ஹிஜ்ரி 528இல், அதாவது 1133–34இல், நெய்தது என்று அந்த வாசகமே சொல்கிறது. புனித ரோமப் பேரரசர்கள் பிற்காலத்தில் முடிசூடும்போது பல நூற்றாண்டுகள் போர்த்திக்கொண்டது இதைத்தான். இப்போது வியன்னாவில் இருக்கிறது. ஐரோப்பியக் கிறிஸ்தவ அரசாட்சியின் மிகப் பெரிய சடங்கில் ஹிஜ்ரி ஆண்டு பொறித்த ஆடை இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அல் இத்ரீசி என்ற அறிஞர் இதே மன்னருக்காகத்தான் பல ஆண்டுகள் உழைத்து 1154இல் தன் புவியியல் நூலையும் உலக வரைபடத்தையும் முடித்தார். அதே நகரத்தில் 1149ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. ஒரு பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, அப்புறம் எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என்று நான்கு விதமாக அதில் செய்தி பொறித்திருக்கிறார்கள். 1184இல் அங்கே போன ஸ்பானிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர், கிறிஸ்துமஸ் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முகத்திரையும் மருதாணியும் நறுமணமுமாகத் தேவாலயத்துக்குப் போனதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

முழுக் கதையும் இனிமையானதல்ல. 1220களிலிருந்து சிசிலியின் முஸ்லிம்கள் இத்தாலியின் லூச்செராவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டார்கள். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. அரபு மொழி அறிந்தவராகச் சொல்லப்படும் மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக்தான் அந்த இடமாற்றத்தைச் செய்தவர். கலையை ரசிப்பதும் அதைப் படைத்த மக்களை வாழவிடுவதும் வேறு வேறு என்பதை மறந்துவிட்டுப் பலெர்மோவைப் புகழக் கூடாது.

மாதாவின் ஒளிவட்டத்தில் அரபு எழுத்து இருக்கிறது என்பது உண்மையா?

அரபு எழுத்தைப் போன்ற எழுத்து இருப்பது உண்மை. மசாச்சியோ 1422இல் வரைந்த சான் ஜோவெனாலே ஓவியத்திலும், ஜென்டீலே தா ஃபாப்ரியானோ 1423இல் ஃபிளாரன்ஸில் வரைந்த மூன்று ஞானியர் வணக்கம் ஓவியத்திலும் மாதாவின் தலையைச் சுற்றியுள்ள பொன்வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அரபு எழுத்தின் நெட்டுக்கோடுகளும் வளைவுகளும் வரிசையாக ஓடும். பெரும்பாலான இடங்களில் அதற்குப் பொருள் கிடையாது. அரபு தெரியாத ஓவியர், தான் பார்த்த எழுத்தின் தோற்றத்தை மட்டும் வரைந்திருக்கிறார். ஜென்டீலேயின் வட்டங்கள் எகிப்து, சிரியா பகுதிகளை அப்போது ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டிலிருந்து வந்த பித்தளைத் தட்டுகளை அப்படியே நினைவூட்டும். அதற்கு நூறாண்டுகளுக்கு முந்தைய ஓவியர் ஜோத்தோவின் காலத்திலிருந்தே ஆடைக் கரைகளில் இந்த எழுத்துச் சாயல் உண்டு.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இரண்டு காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று, அன்றைக்கு மிக உயர்ந்த துணி என்றால் அரபு வாசகம் ஓடும் கரை வைத்த கீழைநாட்டுப் பட்டு. விண்ணரசிக்கு அதைவிடக் குறைந்ததை உடுத்த மனம் வருமா? இரண்டாவது, அந்தத் துணிகள் இயேசு வாழ்ந்த மண்ணின் பக்கமிருந்து வந்தன. அந்த எழுத்தும் அந்தக் காலத்துக்கே உரியது என்று பலர் நம்பியிருக்க வேண்டும். இன்று ஜப்பானிய எழுத்து அச்சிட்ட டி-ஷர்ட்டைப் பொருள் தெரியாமல் விரும்பி வாங்குகிறோமே, அழகை மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ளும் அந்த மனநிலையும் இதில் கொஞ்சம் கலந்திருக்கும்.

இதற்கும் வெகு முன்னாலேயே ஒரு விசித்திரமான சான்று உண்டு. இங்கிலாந்தின் மெர்சியாப் பகுதியை 757 முதல் 796 வரை ஆண்ட ஆஃபா என்ற கிறிஸ்தவ மன்னர், கலீஃபா அல் மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டுத் தங்கக் காசை நகலெடுத்துத் தன் காசை அடித்தார். அரபு வாசகங்களை அப்படியே செதுக்கி, நடுவில் தன் பெயரை லத்தீனில் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறார்கள். இறைவன் ஒருவனே என்ற வாசகமும் அதில் இருக்கிறது. செதுக்கியவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. நம்பகமான தங்கம் அப்படித்தான் இருக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. காசு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

தேவாலயங்களே முஸ்லிம் நாட்டுப் பொருட்களைப் பயன்படுத்தினவா?

தாராளமாக. அதுவும் மிகப் புனிதமான காரியங்களுக்கு. வட பிரான்சில் புனித ஜோஸ் என்பவரின் எலும்புகளைச் சுற்றி வைத்திருந்த பட்டு, 10ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஈரானின் குராசானில் நெய்தது. யானைகளும் ஒட்டகங்களும் வரிசையாக நடக்கும் அந்தத் துணியில் அபூ மன்சூர் என்ற தளபதியின் பெயரும் அவருக்கான வாழ்த்தும் இருக்கின்றன. வெனிஸின் சான் மார்கோ கருவூலத்தில், 975 முதல் 996 வரை எகிப்தை ஆண்ட ஃபாத்திமியக் கலீஃபா அல் அஸீஸின் பெயர் பொறித்த ஸ்படிகக் குடுவை ஒன்று இருக்கிறது. முகம்மத் இப்னு அல் ஸைன் என்ற மம்லூக் கலைஞர் வெள்ளியும் பொன்னும் பதித்துச் செய்து, பெருமையோடு பல இடங்களில் கையெழுத்திட்ட பித்தளைத் தொட்டியில்தான் பிரான்சின் அரச குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. 1606இல் பதின்மூன்றாம் லூயிக்கும் அதில்தான்.

இஸ்லாமியக் கலையில் உருவங்களே கூடாது என்பார்களே?

பள்ளிவாசலிலும் குர்ஆன் பிரதிகளிலும் உருவங்கள் இல்லை. அரண்மனை, வீடு, பாத்திரம், துணி, கதைநூல் இவற்றில் மனிதர்களும் மிருகங்களும் நிறையவே உண்டு. மேலே சொன்ன பலெர்மோ கூரையும் யானைப் பட்டும் போதும்.

கோதிக் தேவாலயங்களின் கூர் வளைவு அரபுகளிடமிருந்து வந்ததா?

கோதிக் என்பது இடைக்கால ஐரோப்பாவின் உயரமான தேவாலயங்களின் கட்டடப் பாணி. இங்கே நிதானமாகப் பேச வேண்டும். கூர் வளைவு இஸ்லாமியக் கட்டடங்களில் முன்பே நன்றாகப் பழகிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. கெய்ரோவில் 879இல் முடிந்த இப்னு தூலூன் பள்ளிவாசலில் வரிசை வரிசையாக நிற்கிறது. ஐரோப்பாவில் அது பரவலாவது 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1088இல் தொடங்கிய குளூனியின் மூன்றாம் தேவாலயம் போன்ற கட்டடங்களில்தான். இடையில் அமால்ஃபி வணிகர்கள் கெய்ரோவுக்கும் இத்தாலிக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென்னே, கோதிக் பாணியைச் சாராசன் பாணி, அதாவது முஸ்லிம்களின் பாணி, என்று சொல்வதுதான் பொருத்தம் என்று கருதினார்.

ஆனால் ரென் சொன்னது மிகை. கூர் வளைவையும் விலாவளைவுக் கூரையையும் வெளித்தாங்கு வளைவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, சுவரையே கண்ணாடியாக மாற்றிய யோசனை பாரிஸ் சுற்றுவட்டாரக் கொத்தர்களுடையது. ஓர் உறுப்பு வெளியிலிருந்து வந்திருக்கலாம், உடம்பு அவர்களுடையது.

இதைவிட உறுதியான உதாரணம் ஸ்பெயினில் இருக்கிறது. கோர்தோபா பெரிய பள்ளிவாசலில் 960களில் கட்டிய குவிமாடங்களில் விலாவளைவுகள் ஒன்றையொன்று வெட்டி நட்சத்திரம்போல் பின்னிக்கொள்ளும். நவார்ராவில் டோர்ரெஸ் தெல் ரியோ என்ற ஊரின் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தில் அதே குவிமாடத்தைப் பார்க்கலாம். செவில் நகர அல்காசர் அரண்மனையையும் சொல்ல வேண்டும். 1364இல் முதலாம் பேத்ரோ என்ற கிறிஸ்தவ மன்னர் கட்டியது. வேலைக்கு கிரனடாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முகப்பில் கூஃபி எழுத்தில் “அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை” என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. அது கிரனடாவின் முஸ்லிம் அரச வம்சத்தின் முத்திரை வாசகம். உள்ளே கல்வெட்டுகள் பேத்ரோவை சுல்தான் என்றே அழைக்கின்றன.

மண்பாண்டத்துக்கும் ஓட்டுக்கும் இதில் என்ன பங்கு?

என்னைக் கேட்டால் இதுதான் மிக நீண்ட, மிக அழகான சங்கிலி. கலை வரலாற்றில் ஓவியத்துக்குக் கிடைக்கும் மரியாதை சட்டிபானைக்குக் கிடைப்பதில்லை, அதனால்தான் பலருக்குத் தெரியவில்லை.

9ஆம் நூற்றாண்டு ஈராக்கில் சீனப் பீங்கானைப் பார்த்து மயங்கிய குயவர்கள், அந்த வெண்மையைத் தங்கள் மண்ணில் வரவழைக்க முயன்றார்கள். சீனக் களிமண் அவர்களிடம் இல்லை. அதனால் மெருகில் வெள்ளீயத்தைச் சேர்த்து, பால்போல் வெளுத்த பரப்பை உண்டாக்கினார்கள். அதன்மேல் இன்னொரு வித்தையும் கண்டுபிடித்தார்கள். சுட்டு முடித்த பாத்திரத்தின்மேல் வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் களிமண்ணோடு குழைத்துச் சித்திரம் தீட்டி, குறைந்த சூட்டில் புகை சூழ மறுபடி சுடுவது. காற்று போதாத சூளையில் அந்தச் சேர்மங்கள் உலோகமாகத் திரும்பி மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். ஆறியபின் சாம்பலைத் துடைத்தால் தங்கம்போல் மின்னும். கொஞ்சம் காற்று கூடினாலும் குறைந்தாலும் முழுச் சூளையும் பாழ்.

இந்தத் தொழில்நுட்பம் ஈராக்கிலிருந்து ஃபாத்திமிய எகிப்துக்குப் போனது, அங்கிருந்து மேற்கே ஸ்பெயினின் மாலகாவுக்கு. பின்பு வலென்சியா அருகிலுள்ள மனிசெஸ் ஊரில் முஸ்லிம் குயவர்கள் கிறிஸ்தவ ஆட்சியின் கீழ் அதைச் செய்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியப் பணக்காரக் குடும்பங்கள் தங்கள் குலச்சின்னத்தைப் போட்டுத் தரச் சொல்லி மனிசெஸுக்கே ஆர்டர் கொடுத்தன. ஃபிளாரன்ஸின் மெதிச்சி குடும்பமும் அதில் உண்டு. அப்புறம் இத்தாலியர்களே கற்றுக்கொண்டார்கள். தெருத்தா, கூபியோ ஊர்களின் மின்னும் பாத்திரங்கள் அப்படிப் பிறந்தவை. வெள்ளீய மெருகு இத்தாலியிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கும், அங்கிருந்து ஹாலந்துக்கும் போய் டெல்ஃப்டின் நீலவெள்ளை ஓடுகளானது. இன்னொரு கிளை செவில் வழியாகப் போர்ச்சுகலுக்குப் போனது. லிஸ்பன் தெருக்களில் வீட்டுச் சுவர்களை மூடியிருக்கும் ஓடுகளுக்கு அதுதான் வேர். டெல்ஃப்ட் ஓட்டையும் லிஸ்பன் ஓட்டையும் அக்கா தங்கை என்றால் மிகையில்லை.

பழைய ஓவியங்களில் மேசைமேல் கம்பளம் விரித்திருக்கிறார்களே, ஏன்?

காலால் மிதிக்க மனம் வராத அளவுக்கு அது விலையுயர்ந்த பொருள். ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த இரு தூதர்கள் ஓவியத்தில், வானியல் கருவிகளுக்குக் கீழே விரித்திருப்பது அனதோலியக் கம்பளம். லொரென்சோ லோத்தோ 1542இல் வரைந்த புனித அந்தோனினுஸ் பிச்சை வழங்கும் ஓவியத்தில் முடிச்சுகளை எண்ணிவிடலாம்போல அவ்வளவு நுணுக்கம். மாதாவின் அரியணைக்குக் கீழே மட்டும் தரையில் விரிப்பார்கள்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. அந்தக் காலத்து அனதோலியக் கம்பளங்கள் பெரும்பாலும் நைந்து அழிந்துவிட்டன. அவற்றின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் ஐரோப்பிய ஓவியங்களைத்தான் பார்க்கிறார்கள். அதனால் துருக்கிப் பெண்கள் நெய்த வகைகளுக்கு ஹோல்பைன் கம்பளம், லோத்தோ கம்பளம் என்று ஓவியர்களின் பெயர் ஒட்டிக்கொண்டது. நெய்தவர்களில் ஒருவர் பெயரும் நம்மிடம் வரவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

காகிதம்?

சீனாவில் பிறந்து முஸ்லிம் நாடுகள் வழியாக வந்தது. ஸ்பெயினின் ஷாத்திவா நகரக் காகிதம் 12ஆம் நூற்றாண்டிலேயே பெயர்பெற்றது. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர் அதை எடுத்து மேம்படுத்தியது. ஓவியர்கள் அழித்தழித்து வரைந்து பழகியதும், பிற்பாடு அச்சுத் தொழில் பிழைத்ததும் மலிவான காகிதம் கிடைத்ததால்தான்.

ஓவியத்தில் தூரமும் ஆழமும் காட்டும் முறைக்கும் அரபு விஞ்ஞானத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இப்னு அல் ஹைதம் பஸ்ராவில் ஏறக்குறைய 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுகிறது என்று கிரேக்கக் கணித மேதை யூக்ளிட் வழிவந்தவர்கள் சொன்னதை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருகிறது என்று நிறுவினார். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் கோடுகள் கண்ணில் முனைகொண்ட கூம்பாகச் சேர்வதை வடிவகணிதமாக்கினார். இருட்டறையில் சிறு துளைவழி வரும் ஒளியைச் சோதித்துப் பார்த்தார். இதையெல்லாம் அவர் எழுதிய ஒளியியல் நூல் 1200ஐ ஒட்டி லத்தீனுக்கு வந்தது. ரோஜர் பேக்கன் போன்றவர்கள் அதை அடியொற்றி எழுதினார்கள். ஃபிளாரன்ஸ் ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகளைச் செய்த சிற்பி கிபெர்த்தி, தன் மூன்றாவது குறிப்பேட்டில் இதிலிருந்து பத்திபத்தியாக எடுத்தாண்டிருக்கிறார். 1435இல் ஓவியத்தைப் பற்றி எழுதிய ஆல்பெர்த்தியும் பார்வைக் கூம்பை வைத்துத்தான் விளக்கத் தொடங்குகிறார்.

அந்தக் கூம்பைக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைப் படமாக்கலாம் என்று கண்டது ஃபிளாரன்ஸ்காரர்கள். புருனெல்லெஸ்கிக்கும் ஆல்பெர்த்திக்கும் உரிய பெருமை அது. பார்வையின் கணிதம் கெய்ரோவிலிருந்து வந்தது, படத்தின் கணிதம் ஃபிளாரன்ஸில் பிறந்தது.

அப்படியானால் இஸ்லாமிய நாகரிகம் இல்லாமல் மறுமலர்ச்சியே இல்லை என்று சொல்லலாமா?

நான் சொல்ல மாட்டேன். பெருமைக்காக அப்படிப் பேசுபவர்களைப் புரிந்துகொள்கிறேன், நூற்றாண்டுகளாக மறைத்துவைத்ததற்கு எதிர்வினை அது. ஆனால் மிகைப்படுத்திய ஒரு கூற்று, உண்மையான பத்துச் சான்றுகளின் மதிப்பைக் கெடுத்துவிடும். மறுபக்கம், அரேபியர் கிரேக்க நூல்களைப் பாதுகாத்து மட்டும் கொடுத்தார்கள் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. இப்னு அல் ஹைதம் யூக்ளிடைப் பெட்டியில் பூட்டி வைத்தவரா? தவறென்று காட்டியவர் அல்லவா!

இசையில் என்ன சேர்ந்தது?

கருவிகள்தான் மிகத் தெளிவான கடன். ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவிதான் மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவின் அன்புக்குரிய லூட் ஆனது. வில்லால் வாசிக்கும் ரபாப், வயலினுக்கு முன்னோடியான ரெபெக் ஆனது. பாக்தாதிலிருந்து 822இல் கோர்தோபாவுக்கு வந்த ஸிர்யாப் என்ற இசைமேதை, பாட்டோடு கூட நாகரிக வாழ்க்கை முறையையே அங்கே கற்றுக்கொடுத்தவர் என்று போற்றுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ தொகுத்த மாதா பாடல்களின் தோல் ஏடுகளில், முஸ்லிம் கலைஞரும் கிறிஸ்தவக் கலைஞரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் படம் இருக்கிறது.

இரண்டாவது அலை ஒட்டோமான் படைவாத்தியம். பெரிய முரசும் தாளத்தட்டும் போர்க்களத்தில் ஐரோப்பியரை நடுங்க வைத்தன. 1683இல் வியன்னா முற்றுகை தோற்றபின் பயம் போய் ஆசை வந்தது. மன்னர்கள் துருக்கிய வாத்தியக் குழுக்களை வைத்துக்கொண்டார்கள். மோட்சார்ட்டின் 1782ஆம் ஆண்டு ஓபெராவிலும், 1824இல் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபொனி இறுதிப் பகுதியில் வரும் அணிவகுப்பிலும் அந்த முரசும் தட்டும் முக்கோண மணியும் ஒலிக்கின்றன.

இலக்கியத்தில்?

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். பஞ்சதந்திரம் 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா கைவண்ணத்தில் அரபுக்கும் போனது. 1251இல் காஸ்டிலியன் மொழிக்கு வந்தது. எபிரேயம் வழியாக லத்தீனுக்கும் போனது. 1678இல் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் தன் நீதிக்கதைகளில் பெரும்பகுதிக்கு பில்பாய் என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக வெளிப்படையாக எழுதினார்.

ஆயிரத்தொரு இரவுகளை அன்துவான் காலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சில் வெளியிட்டார். அலாவுதீன் கதை அவர் வைத்திருந்த அரபு ஏட்டில் இல்லை. பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் 1709இல் வாய்மொழியாகச் சொன்னது. அவர் பெயரை காலான் தன் நூலில் குறிப்பிடவில்லை. ஜெர்மனியில் கதே, பாரசீகக் கவி ஹாஃபிஸை மொழிபெயர்ப்பில் படித்துப் பரவசமாகி 1819இல் ஒரு முழுக் கவிதைத் தொகுப்பே எழுதினார்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்தில் வரும் நரகமும் சொர்க்கமும் நபிகளின் மிஃராஜ் என்ற விண்ணேற்றப் பயணக் கதையிலிருந்து வந்ததா என்று 1919இலிருந்து விவாதம் நடக்கிறது. அந்தக் கதை 1264இல் அல்ஃபோன்சோ அரசவையில் மொழிபெயர்க்கப்பட்டது உண்மை. தாந்தே அதைப் படித்தார் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. அவர் முஸ்லிம் தத்துவ அறிஞர்களான இப்னு சீனாவையும் இப்னு ருஷ்தையும் சான்றோர் வரிசையில் வைத்தார், அதே காவியத்தில் நபிகள் நாயகத்தைப் பற்றி மனம் புண்படும்படியும் எழுதினார். இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

காபி, டியூலிப் எல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வரும். லண்டனின் முதல் காபிக்கடை 1652இல் திறந்தது. பாரிஸின் புரோகோப் 1686இல். எழுத்தாளர்களும் வணிகர்களும் கூடிப் பேசும் அந்த வழக்கம் இஸ்தான்புல், கெய்ரோ காபிக்கடைகளில் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே இருந்தது. டியூலிப் ஒட்டோமான் தோட்டங்களிலிருந்து வந்து ஹாலந்தின் பூ ஓவியங்களுக்குள் புகுந்தது.

நவீன ஓவியர்களிடம் இந்தத் தாக்கம் தெரிகிறதா?

மிக நன்றாக. ஓவன் ஜோன்ஸ் என்ற இளம் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1834இல் தன் பிரெஞ்சு நண்பர் ஜூல் கூரியோடு கிரனடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையை அங்குலம் அங்குலமாக வரையத் தொடங்கினார். கூரி அங்கேயே காலராவில் இறந்தார். ஜோன்ஸ் வேலையை முடித்தார், 1851 லண்டன் பொருட்காட்சியின் கண்ணாடி மாளிகைக்கு வண்ணத் திட்டம் வகுத்தார், 1856இல் ‘அலங்கார வடிவங்களின் இலக்கணம்’ என்ற நூலை வெளியிட்டார். வடிவமைப்பு மாணவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் பரிந்துரைத்ததால், 1539–40இல் ஈரானில் நெய்த அர்தபீல் கம்பளத்தை லண்டனின் இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கியது.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1910இல் மியூனிக் நகரில் நடந்த மாபெரும் இஸ்லாமியக் கலைக் கண்காட்சிக்குப் போனார். தொடர்ந்து ஸ்பெயின், பின்பு மொரோக்கோ. அதற்குப் பிந்தைய அவருடைய அறைகளைப் பாருங்கள்: சுவரும் மேசையும் திரையும் ஒரே தளத்தில் வண்ணமாக விரியும், ஆழம் காட்டும் அவசரமே இருக்காது. பாரசீகச் சிற்றோவியங்கள் அவருக்குக் காட்டிய வழி அது. ஃபிளாரன்ஸில் கட்டிய தூரத்தோற்ற விதியிலிருந்து ஐரோப்பிய ஓவியம் வெளியே வரவும் இஸ்லாமியக் கலையே துணைநின்றது. பவுல் கிளே 1914இல் துனிசியாவுக்குப் போய், நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று நாட்குறிப்பில் எழுதினார். எஷர் 1922இலும் 1936இலும் அல்ஹம்ப்ரா ஓடுகளைப் பார்த்து வரைந்தார். இடைவெளியே இல்லாமல் பறவையும் மீனும் பொருந்தும் அவருடைய படங்கள் அங்கே கற்ற பாடம்.

தாக்கம் ஒரு பக்கமாகவே இருந்ததா?

கிடையாது. கோர்தோபா பள்ளிவாசலில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஃராபின் மொசைக்குக்குக் கற்களும் கைவினைஞரும் பைசாந்தியப் பேரரசரிடமிருந்து வந்தன. வெனிஸ் ஓவியர் ஜென்டீலே பெல்லினி 1479இல் இஸ்தான்புல் போய் சுல்தான் இரண்டாம் மெஹ்மெதை வரைந்தார். முகலாய ஓவியர் அபுல் ஹசன் 13 வயதில் ஜெர்மானிய ஓவியர் தூரரின் அச்சுப்படத்திலிருந்து புனித யோவானை அற்புதமாக நகலெடுத்தார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து இருபதுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் வரைந்தார். ஷாஜஹானின் நிற்கும் கோலத்தை ரெம்பிராண்டின் கைக்கோட்டில் பார்ப்பது தனி அனுபவம்.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

லூவ்ர், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் ஆகியவை தங்கள் சேகரிப்பைத் தெளிவான படங்களுடன் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. புனித ஜோஸின் பட்டும் பதின்மூன்றாம் லூயியின் தொட்டியும் லூவ்ரில் உள்ளன.

சென்னையில் இருப்பவர்கள் இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை நேரிலேயே பார்க்கலாம். ஆற்காட்டு நவாப்புக்காக 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையைப் பாருங்கள். அதன் பக்கத்தில், ராபர்ட் சிஷம் 1874 முதல் 1879 வரை கட்டிய சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் நிற்கிறது. ஹென்றி இர்வின் கைபட்டு 1892இல் முடிந்த உயர்நீதிமன்றமும் எட்டும் தூரம்தான். ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் இஸ்லாமிய வளைவையும் குவிமாடத்தையும் தங்கள் திட்டத்தோடு எப்படிச் சேர்த்தார்கள் என்பதை ஒரே நாளில் மூன்றையும் சுற்றிவந்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும். செனட் ஹவுஸின் வண்ணக் கண்ணாடிகளைக் காலை வெயிலில் பாருங்கள்.